யாருடைய முறை?

ஒருவர் மட்டுமே நடக்கும் பாதையில் வழிவிடுதல் என்ற பிரச்சினை எழுவதில்லை. இருவர் எதிரெதிரே வரும் கணத்தில் அது எழுகின்றது. அறவியலும் அவ்விடத்திலேயே தொடங்குகின்றது எனலாம். யார் ஒதுங்குவது? முதியவருக்காக இளையவரா? சுமையோடு வருபவருக்காக வெறுங்கையோடு வருபவரா? அல்லது வலியவருக்காக மெலியவரா? நமது கிராமத்து ஒழுங்கைகளில் இவ்வினாக்களுக்கு வழக்கமும் மரியாதையும், மறைப்பதற்கில்லை, சாதியும் விடை கூறிவந்தன. நகரத்தின் வீதிச் சந்தியில் விடை கூறுவது ஒரு விளக்கு. அந்த விளக்குக்கு இப்போது கண் வைத்திருக்கிறார்கள். வாகன நெரிசலைக் கண்டறிந்து தன் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளவும், நோயாளர் காவு வண்டியோ தீயணைப்பு வண்டியோ வருவதை உணர்ந்து முன்கூட்டியே வழி திறந்துவிடவும் வல்ல சமிக்ஞை விளக்குகள் உலகின் பல நகரங்களில் இயங்குகின்றன. கொழும்புக்கும் அவை வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகின்றது. இதனைத் தொழில்நுட்ப வளர்ச்சியாக மட்டும் கண்டு வியப்போர் பலர். எனினும், யார் காத்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எதுவும் வெறுங் கருவியாக இருத்தல் இயலாது என்பதே எனது கருத்து.

இவ்விடயத்தில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நேர்மையாகும். கொட்டாஞ்சேனையில் வசிப்பவன் நான். 155ஆம் இலக்கப் பேருந்திலே பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். மாலை வேளைகளில் அதே பேருந்திலே வெள்ளவத்தை சென்று சிறுவர்களுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கிறேன். தலைநகரில் தமிழர் செறிந்து வாழும் இவ்விரு பகுதிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கிலோமீற்றரால் அளந்து பயனில்லை என்பதை அவ்வழியே சென்றவர் அறிவர்.

சமிக்ஞை விளக்கின் வரலாறு ஒரு விபத்துடன் தொடங்குகின்றது. 1868ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில், பாராளுமன்றக் கட்டடத்தின் அருகே, புகையிரதப் பாதைச் சமிக்ஞையைப் பின்பற்றி வாயு விளக்குடன் கூடிய கம்பமொன்று நாட்டப்பட்டது. பொலிஸ்காரர் ஒருவர் கையால் இயக்கிய அவ்விளக்கு சில வாரங்களிலேயே, 1869 சனவரியில், வெடித்து அவரைக் காயப்படுத்தியது. மின்சாரத்தால் இயங்கும் விளக்கு 1914ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் வந்தது. அதன்பின் உலகெங்கும் பரவிய விளக்கு மிக எளியதொரு பொறி. இத்தனை செக்கன் இந்தத் தெருவுக்கு, இத்தனை செக்கன் அந்தத் தெருவுக்கு என்று கணக்கிட்டு மாறிக்கொண்டேயிருக்கும்.

இவ்வெளிய பொறியின் அறச் சிறப்பை நாம் உணர்வதில்லை. அதன்முன் வந்து நிற்பவர் யாரென்று அதற்குத் தெரியாது. கோடீசுவரரின் காரும் மரக்கறி ஏற்றிய கைவண்டியும் அதற்கு ஒன்றே. தமிழிலே 'முறை' என்ற சொல்லுக்கு ஒருவருக்குப்பின் ஒருவராகப் பெறும் தவணை என்பதும் பொருள்; நீதி என்பதும் பொருள். 'இப்போது என் முறை' என்று விளையாட்டிலே குழந்தை கூறுகிறது. முறை செய்தல் அரசனுக்குக் கடன் என்று நூல்கள் கூறுகின்றன. இரண்டையும் ஒரே சொல்லில் வைத்த மொழி, ஆளுக்கொரு தவணை கிடைப்பதே நீதியின் முதல் வடிவம் என்று எண்ணியது போலும். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசையில் நாட்கணக்காக நின்ற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாம். முறை என்பதன் அருமையையும், அதனை மீறி இடையிலே புகுந்தவர்மீது எழும் சினத்தையும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பெற்றோலுக்கான நாள் வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைக்கொண்டு ஒதுக்கப்பட்டபோது, எரிபொருள் பெருகிவிடவில்லை. ஆயினும் மனம் ஓரளவு ஆறியது. குருட்டு எண்ணொன்றிடம் பாரபட்சம் இல்லை என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம்.

ஆனால் குருட்டு நீதிக்கும் ஓர் எல்லை உண்டு. நள்ளிரவில் குறுக்குத் தெருவில் ஈ காக்கை இல்லாதபோதும் சிவப்பு எரிகின்றது. காலையிலே காலி வீதியில் ஒரு திசையில் வாகனங்கள் முடிவின்றி நிற்க, மறுதிசையில் வெறும் தாருக்குப் பச்சை எரிகின்றது. இக்குறையைப் போக்கவே தன்னைத் தகவமைக்கும் சமிக்ஞை முறை தோன்றியது. வீதியின் அடியிற் புதைக்கப்பட்ட கம்பிச் சுருளோ கம்பத்தில் உள்ள கமெராவோ வாகனங்களைக் கண்டறிய, கணினியொன்று ஒவ்வொரு திசைக்குமுரிய பச்சையின் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் அடுத்தடுத்த சந்திகளை ஒன்றோடொன்று இசைவிக்கின்றது. 1970களில் சிட்னி நகரில் உருவான 'ஸ்கற்ஸ்' முறையும் பிரித்தானியாவில் உருவான 'ஸ்கூட்' முறையும் இவற்றுள் முன்னோடிகள். அண்மையில் பெங்களூர் இம்முறையை நாடியிருக்கின்றது.

கொழும்பிலே தகவமைக்கும் விளக்கு ஏற்கெனவே உண்டு. அதற்கு இரண்டு கைகளும் ஒரு விசிலும் இருக்கின்றன. காலையிலும் மாலையிலும் முக்கிய சந்திகளில் விளக்கைப் புறந்தள்ளிவிட்டுப் பொலிஸ் உத்தியோகத்தர் வெயிலில் நின்று கையசைப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். எந்தப் பக்கம் வரிசை நீள்கின்றது என்று அவர் பார்க்கிறார். காவு வண்டியின் ஒலி கேட்டால் மற்றவரை நிறுத்துகிறார். எனவே வரவிருக்கும் பொறி புதிய அதிகாரம் எதனையும் படைக்கவில்லை. ஒரு மனிதர் தம் மனத்துக்குள் செய்யும் தீர்ப்பை விதியாக்கி எழுதி வைக்கின்றது. எழுதும்போதுதான் நாம் என்ன எண்ணினோம் என்பது வெளிப்படும். இது பொறியின் குற்றமன்று; அதன் நன்மை என்றே கூறலாம்.

எழுதப்படும் விதியின் முதற்பகுதி எண்ணிக்கை பற்றியது. பெரும்பான்மையோரின் பெருநன்மையே நன்மை என்று கூறிய பெந்தமின் தத்துவம், நூலகத்தில் தூசி படிந்து கிடப்பதாக நாம் நினைத்திருக்க, வீதிச் சந்தியில் இரவு பகலாக வேலை செய்கின்றது. மொத்தத் தாமதத்தைக் குறைப்பதே கணினிக்கு இடப்படும் முதற் கட்டளை. இக்கட்டளையை அப்படியே கடைப்பிடித்தால் என்ன நேரும்? காலி வீதியின் வாகனப் பெருக்கோடு ஒப்பிடுகையில், கடற்கரைப் பக்கமிருந்து வெள்ளவத்தையின் சிறு ஒழுங்கை ஒன்றினூடாக வந்து நிற்கும் இரண்டு முச்சக்கர வண்டிகள் எந்நேரமும் சிறு தொகையே. அவற்றுக்காகப் பெருவீதியை நிறுத்துவது எக்காலத்திலும் கணக்குக்கு நட்டம். எண்ணிக்கையே நீதி என்றால் சிறு தெரு என்றென்றும் சிவப்பிலேயே நிற்க வேண்டியதுதான். இந்நாட்டில் இக்கணக்கு சமிக்ஞை விளக்கோடு நிற்பதில்லை என்பதை வாசகர் அறிவர். நான் விரிக்க வேண்டியதில்லை.

பொறியியலாளர் இதனை அறியாதவரல்லர். மொறட்டுவையில் பயிலும் நண்பரொருவரோடு இதுபற்றி வாதிட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, "மச்சான், நீ சொல்லும் தெருவுக்கும் நாங்கள் இடம் வைத்திருக்கிறோம். எந்தப் பக்கமும் இவ்வளவு நேரத்துக்குமேல் காத்திருக்கக் கூடாது என்று உச்ச எல்லை ஒன்று போடுவோம்" என்றார். என் வாதம் தோற்றதாக அவர் கருதினார். எனக்கோ அது வென்றதாகவே தோன்றியது. அந்த உச்ச எல்லை மொத்தத் தாமதத்தைக் கூட்டுகின்றதேயன்றிக் குறைப்பதில்லை. பெந்தமின் கணக்கில் அதற்கு இடமில்லை. சிலரே ஆயினும் அவர்களுக்கும் ஒரு முறை உண்டு என்ற பழைய நீதி, புதிய பொறிக்குள் சத்தமில்லாமல் மீண்டும் வந்து அமர்ந்துகொண்டது.

எண்ணப்படுவது எது என்ற வினாவும் உண்டு. கம்பிச் சுருள் உலோகத்தை உணர்கின்றது, மனிதரை உணர்வதில்லை. படிக்கட்டில் தொங்குவோரையும் சேர்த்து எழுபது பேரைச் சுமந்துவரும் பேருந்து ஒரு வாகனம். சாரதி மட்டும் அமர்ந்த காரும் ஒரு வாகனம். கடவையருகே நிற்கும் பாதசாரி வாகனமே அல்லர். பேருந்துக்கு மிகுந்த மதிப்பு அளிக்கும்படி கணினியைப் பணிக்கலாம். பல நகரங்களில் அவ்வாறு பணித்துமிருக்கிறார்கள். ஆனால் எவரேனும் முன்வந்து பணித்தாக வேண்டும்.

இனி, இவ்விடயத்தின் உயிர்நிலையாகிய அவசர ஊர்திக்கு வருவோம். இங்கே தவணையும் எண்ணிக்கையும் ஒருசேரத் தோற்றுப் போகின்றன. காவு வண்டிக்குள் இருப்பவர் ஒருவர். காத்திருப்போர் நூறு பேர். அவர் கடைசியாக வந்தவர்; அவர்கள் முன்னரே வந்தவர்கள். ஆயினும் அவர் செல்ல வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஏன்? 1971இல் வெளிவந்த ஜோன் ரோல்ஸின் நூல் இதற்கு ஒரு வழியைக் காட்டுகின்றது. நாளைய தினம் இச்சந்தியில் எந்த வாகனத்துள் இருக்கப் போகிறோம் என்பதை அறியாத நிலையில் நாம் அனைவரும் கூடி ஒரு விதி செய்வதாகக் கொள்வோம். நூறு தடவை இரண்டு நிமிடம் தாமதிப்பதற்கும், ஒரு தடவை மூச்சு நின்றுபோகும் நிலையில் தாமதிப்பதற்கும் இடையில் தெரிவு செய்ய நேரிட்டால், நாம் எதனைத் தெரிவோம் என்பது வெளிப்படை. போர்க்களத்திலே இதே நியாயத்தை நெப்போலியனின் படை வைத்தியர் டொமினிக் லறே நடைமுறைப்படுத்தினார். பதவியையும் பட்டத்தையும் நோக்காது, காயத்தின் கடுமையை நோக்கியே சிகிச்சையின் வரிசை அமைய வேண்டும் என்பது அவர் கொள்கை. விரைந்து செல்லும் குதிரைக் காவு வண்டிகளை அமைத்தவரும் அவரே.

நம் நாட்டில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் இலவச 'சுவசெரிய' சேவை 2016 யூலையில், இந்திய நன்கொடையுடன், மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. அதற்கு முன்னர் அவசரம் என்றால் அயலவரின் வாகனமே கதி என்றிருந்த நகரவாசிக்கு அது எத்தகைய மாற்றம் என்பதைக் குறைத்து மதிப்பிடலாகாது. அவ்வண்டிகள் சந்தியை நெருங்கும்போது விளக்குப் பச்சையாகுமெனில் அதனை எதிர்ப்பவர் மனிதராகார். 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலிருந்து எழுந்த அவலத்தின் பின், எங்கள் வீதிகளில் ஓயாது ஒலித்த சைரனை நான் கேட்டிருக்கிறேன். அன்று பள்ளிச் சிறுவனாக இருந்த நான், ஒவ்வொரு ஒலியும் சந்தியில் தேயும்போது, அது மீண்டும் உரக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆயினும், பொறி அறிவது அவசரத்தையன்று. அவசரம் என்று பதிவு செய்யப்பட்ட வண்டியை மட்டுமே. இவ்வேறுபாடு எனக்கு நூலிலிருந்து தெரிந்ததன்று.

ஒரு நண்பகலில் என் அம்மம்மாவுக்கு மூச்சுத் திணறல் கண்டது. எங்கள் ஒழுங்கைக்குள் பெரிய வண்டி திரும்புவது கடினம். வண்டி வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் எங்களுக்கு இருக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனின் முச்சக்கர வண்டியில் அம்மம்மாவை அணைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். அண்ணன் முன்விளக்கைப் போட்டு ஒலிப்பானை அழுத்திய கையை எடுக்கவில்லை. நான் வெள்ளைக் கைக்குட்டையை வெளியே நீட்டி அசைத்துக்கொண்டிருந்தேன். ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு. எங்களுக்கு முன்னே லொறிகள். அங்கு நின்ற பொலிஸ் உத்தியோகத்தர் கைக்குட்டையைக் கண்டு அருகே வந்து, குனிந்து உள்ளே பார்த்தார். அம்மம்மாவின் முகத்தைக் கண்டதும் அவர் எதுவும் கேட்கவில்லை. நிமிர்ந்து, விசிலை ஊதி, குறுக்கே வந்துகொண்டிருந்த வாகனங்களைக் கையால் நிறுத்திவிட்டு எங்களைப் போகச் சொன்னார். அம்மம்மா அன்று பிழைத்தார். அந்தச் சந்தியில் உலகின் மிகச் சிறந்த சமிக்ஞைக் கணினி இருந்திருந்தால் அது என்ன கண்டிருக்கும்? மூன்று சில்லுள்ள வாகனம் ஒன்று, வரிசையில் ஐந்தாவது.

கொட்டாஞ்சேனையிலும் அதைப்போன்ற பகுதிகளிலும் வைத்தியசாலைக்குச் செல்வோரில் எத்தனையோ பேர் இன்றும் இவ்வாறே செல்கின்றனர். பொறி அமையும்போது அவர்கள் முன்னிலும் பின்தங்கக் கூடும் என்பதே என் அச்சம். ஏனெனில் விளக்கு தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, குனிந்து பார்க்கும் அந்த மனிதரை நாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த உத்தியோகத்தர் எனக்காகக் காட்டிய அதே கையை, பிரமுகர் ஒருவரின் வாகனத் தொடருக்காகவும் காட்ட வேண்டியவராக இருந்தார். முன்னுரிமை என்ற கதவைத் தேவையின் பெயரால் திறந்து வைத்தால், அதனூடே அதிகாரம் நுழைவது வரலாறு. இந்தியாவிலே அவசர ஊர்திகளை ஒத்த சுழல் விளக்குகள் காலப்போக்கில் பதவியின் அடையாளமாகிப் பெருகின. இறுதியில் 2017 மே முதலாந் திகதி முதல் அமைச்சர் முதலானோர் வாகனங்களிலிருந்து அவற்றை அகற்றவும், அவசர ஊர்திகளுக்கு மட்டுமே அனுமதிக்கவும் மத்திய அரசு முடிவு செய்ய நேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவிலோ, காவு வண்டிகளுக்கெனச் செய்யப்பட்ட, விளக்கைப் பச்சையாக்கும் கதிர்க் கருவியைத் தனிநபர் பயன்படுத்துவதைக் குற்றமாக்கி 2005இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பிரமுகரின் வாகனத்தை வீதியோரத்தில் நிற்போர் கண்ணால் கண்டு, குறைந்தபட்சம் முணுமுணுக்கவாவது செய்கின்றனர். கணினியின் பட்டியலில் ஓர் இலக்கம் சேர்க்கப்பட்டால் அதனை யார் காண்பர்? இன்று ஏனோ பச்சை சற்றுத் தாமதமாகின்றது என்று எண்ணிக்கொண்டு நிற்போம்.

விரைந்து செல்லும் ஊர்தியையும் வாயில்லாச் சீவனையும் பற்றிய கதை நமக்குப் புதியதன்று. திருவாரூர் வீதியில் அரசகுமாரனின் தேர்க்காலில் கன்று சிக்கிய கதையைச் சேக்கிழார் பாடினார். எல்லாளனின் மைந்தன் திசா வாவிக்குத் தேரிற் சென்றபோது கன்றைக் கொன்றதாக மகாவம்சமும் அதே கதையைக் கூறுகின்றது. தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவாய் அமைந்த கதைகள் பலவல்ல. அவற்றுள் ஒன்று வீதி விபத்தைப் பற்றியதாக இருப்பது கவனிக்கத்தக்கது. இக்கதையில் நாம் தண்டனையையே பெரிதாகப் பேசுகிறோம். எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது மணி. மகாவம்சத்தின்படி அரசனின் படுக்கைத் தலைமாட்டில் மணி தொங்க, அதன் நீண்ட கயிறு வெளியே வந்திருந்தது. தன் அரண்மனையிலிருந்து எல்லாவற்றையும் தான் காண இயலாது என்று அறிந்த அரசன் செய்த ஏற்பாடு அது. காணப்படாதவர் இழுப்பதற்கு ஒரு கயிறு.

இன்றைய சந்தியில் அக்கயிறு பாதசாரிக் கடவையின் கம்பத்திலுள்ள பொத்தானாக எஞ்சியிருக்கின்றது. வெள்ளவத்தையில் சந்தைப் பையோடு நின்று அதனை அழுத்தும் வயோதிபப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கன்றை இழந்த பசுவின் நினைவு வரும். சில பொத்தான்கள் வேலை செய்வதில்லை என்பது வேறு கதை.

இதனை நண்பரிடம் கூறியபோது அவர் உடனே தீர்வு கண்டார். நோயாளியை ஏற்றிய எவரும் கைத்தொலைபேசியிலிருந்து சமிக்ஞைக்குச் செய்தி அனுப்ப வழி செய்யலாம் என்றார். பொய்யாக அனுப்புவோரை என் செய்வீர் என்று கேட்டேன். பின்னர் கண்டுபிடித்துத் தண்டிக்கலாம் என்றார். நான் உடன்படவில்லை; மறுக்கவும் முடியவில்லை. கொழும்பு வீதிகளில் ஒலிப்பான் என்பது ஒவ்வொருவரும் தத்தம் அவசரத்துக்காக இழுக்கும் மணியே. எல்லோரும் இழுப்பதால் எவர் காதிலும் அது விழுவதில்லை. அண்ணன் அன்று அழுத்திய ஒலிப்பானை லொறிக்காரர் எவரும் பொருட்படுத்தவில்லை; கைக்குட்டையே காப்பாற்றியது. கைக்குட்டையையும் எல்லோரும் அசைக்கத் தொடங்கினால்? அந்த உத்தியோகத்தர் குனிந்து பார்த்தது அதற்காகத்தான். நம்புவதற்கு முன் சரிபார்க்க அவருக்கு இரண்டு செக்கன் போதுமாக இருந்தது.

ஆதலால் புதிய விளக்குகள் வரட்டும் என்றே நானும் கூறுவேன். ஆனால் முன்னுரிமைப் பட்டியலில் யார் யார் உள்ளனர் என்பது மாநகர மக்கள் எவரும் படிக்கக்கூடிய தாளில் இருத்தல் வேண்டும். குறுக்குத் தெரு எத்தனை செக்கனுக்குமேல் காத்திராது என்பதும் அதே தாளில் இருத்தல் வேண்டும். நெரிசல் மிக்க சந்திகளிலேனும் ஒரு மனிதர் நிற்க வேண்டும். இவை செலவு மிக்கவை என்றும், திறனைக் குறைப்பவை என்றும் கூறுவோர் உளர். அவர்கள் கூறுவது உண்மையே.

என் வாதத்தில் நான் கடந்துபோக முடியாத இடம் ஒன்று உண்டு. காவு வண்டிக்காகக் குறுக்கிட்டுத் திறக்கப்படும் பச்சை, மற்றப் பக்கத்திலிருந்து எடுக்கப்படும் நேரமாகும். குலைந்த ஒழுங்கு மீள்வதற்குச் சமிக்ஞை பல சுற்றுகள் சுற்ற வேண்டும் என்று நண்பர் கூறினார். அன்று ஆமர் வீதிச் சந்தியில் உயர்ந்த அந்தக் கைக்கு முன்னால் பேருந்துகளும் கார்களும் முச்சக்கர வண்டிகளும் நின்றன. அவற்றுள் எதற்குள்ளேனும் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு வேறொருவருடைய அம்மம்மா இருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. சந்தியைக் கடக்கும்போது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.